யூலையிலும் பனிக்கட்டி: அதபாஸ்காவுக்குப் போகுமுன் பெட்டியில் என்ன வைப்பது?

கோடை விடுமுறைக்கு ஸ்காபரோவிலிருந்து கல்கரிக்குப் பறந்து, வாகனம் வாடகைக்கு எடுத்து, பான்ஃப், ஜாஸ்பர் பார்த்து வரும் எம்மவர் குடும்பங்கள் இப்போது அதிகம். அந்தப் பாதையில் அநேகமாக எல்லோரும் இறங்கும் இடம் அதபாஸ்கா பனியாறு. வழிகாட்டியுடன் சில மணி நேரம் அதன்மேல் நடக்கவும் பலர் விரும்புகிறார்கள்.

கடந்த கோடை முடிய என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்கு 60 வயது தாண்டிவிட்டது. பல வருடமாக நீரிழிவு. பனியாற்றின் ஓரத்தில் மெல்லிய சப்பாத்துடன் நடந்திருக்கிறார். காலுறை நனைந்தது, கால் விறைத்ததால் கொப்புளம் போட்டது தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் மகள் கண்டார். அந்தப் புண் ஆற நான்கு மாதம் எடுத்தது. "பெட்டியில் மிளகாய்த்தூள், மாசிச் சம்பல் எல்லாம் இருந்தது டொக்டர், ஒரு சோடி தடித்த காலுறை இல்லை" என்றார். மற்றவர்களுக்கு உதவட்டும் என்று அவர் சொன்னதால் எழுதுகிறேன்.

நாங்கள் காணாத குளிரா?

இது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. உண்மையில் எங்கள் விண்ரர் வீட்டிலிருந்து காருக்கும், காரிலிருந்து கடைக்கும் போகும் சில நிமிடங்கள்தான். பனியாற்றில் மணிக்கணக்காக வெளியே நிற்கிறோம். அதன் அடிவாரமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீற்றர் உயரம். ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் வெப்பம் சுமார் 6 பாகை செல்சியஸ் குறையும். அதோடு பனிக்கட்டியைத் தழுவி வரும் குளிர்காற்றும் சேரும். யூலை, ஓகஸ்டிலும் அங்கே பனி கொட்டலாம்.

உடுப்பு: மூன்று அடுக்கு

பெரிய விண்ரர் ஜக்கெற் ஒன்று போதாது. ஏறும்போது வியர்க்கும், நின்றதும் அந்த ஈரம் உடற்சூட்டை இழுத்துவிடும். ஆகவே கழற்றி மாட்டக்கூடிய அடுக்குகள் தேவை.

1. தோலோடு ஒட்டிய உள்ளுடுப்பு: கம்பளி அல்லது செயற்கை நூல். பருத்தி ரீசேட்டும் ஜீன்ஸும் வேண்டாம். நனைந்தால் சூடு தராது, காயவும் மாட்டாது.
2. நடுவில்: ஃபிளீஸ் அல்லது கம்பளிச் சுவெற்றர்.
3. வெளியே: காற்றும் மழையும் புகாத ஜக்கெற், காற்சட்டை.

இவற்றுடன் காது மூடும் தொப்பி, இரண்டு சோடி கையுறை, மாற்றுக் கம்பளிக் காலுறை, கணுக்காலைப் பிடிக்கும் உறுதியான சப்பாத்து. புதுச் சப்பாத்தை இரண்டு வாரமாவது இங்கே போட்டு நடந்து பழகுங்கள். பனியில் வழுக்காமல் சப்பாத்தில் பூட்டும் இரும்பு முட்களை வழிகாட்டிகள் தருவார்கள். வேறு என்ன தருவார்கள் என்று முன்பதிவின்போது கேளுங்கள். சேலை, சல்வார் விளிம்பு அந்த முட்களில் சிக்கும். படத்துக்கென்றாலும் வேண்டாம்.

கறுப்புக் கண்ணாடியும் சூரியக் களிம்பும் அவசியம். புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 வீதம்வரை திருப்பி அனுப்பும். எங்கள் தோல் நிறம் கண்ணைக் காப்பாற்றாது.

மருந்துப் பை

மருந்துகளை விமானத்தில் கைப்பையிலேயே வையுங்கள். இன்சுலின் உறையக் கூடாது. உறைந்தால் எறிந்துவிட வேண்டும். நடக்கும்போது அதையும் சீனி பார்க்கும் மீற்றரையும் உட்சட்டைப் பையில் வையுங்கள். ஆஸ்மா உள்ளவர்கள் நீலப் பம்மை எடுத்து, வாயையும் மூக்கையும் சால்வையால் மூடி மூச்சு விடவும். நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் தங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். குளிரும் ஏற்றமும் சேர்ந்தால் இதயத்துக்குச் சுமை. பிளாஸ்கில் இனிப்புத் தேநீர், பேரீச்சம்பழம், கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர் எடுங்கள். இரவில் எல்லோருடைய பாதங்களையும் பாருங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்?

உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழ் போனால் ஆபத்து. நடுக்கம், தடுமாற்றம், குழறிய பேச்சு, சோர்வு ஆகியவை அறிகுறிகள். நடுக்கம் நின்ற பின்னும் ஆள் மந்தமாக இருந்தால் அது குணமல்ல, மோசமாகிறது. காற்றில்லாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடுப்பை மாற்றி, தலையோடு போர்த்து, நன்றாக விழிப்பாக இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். மதுபானம் வேண்டவே வேண்டாம். நீரிழிவுள்ளவருக்குச் சீனி இறங்கினாலும் இதே அறிகுறிகள்தான். அதனால் இனிப்பு இரண்டுக்கும் உதவும். 911 அழையுங்கள். ஆனால் அந்தப் பாதையின் பெரும்பகுதியில் கைத்தொலைபேசிச் சமிக்ஞை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. தடுப்புக் கயிற்றைத் தாண்டி வழிகாட்டியின்றி ஒருவரும் போகக் கூடாது. பனி மூடிய வெடிப்புகளில் விழுந்து, மீட்குமுன்னே குளிரால் இறந்தவர்களில் சிறுவர்களும் உண்டு.

இந்தப் பனியாறு 1844 இலிருந்து 1.5 கிலோ மீற்றருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. எந்த ஆண்டில் பனி எங்கே நின்றது என்று வழியில் பலகைகள் உண்டு. நீங்கள் கனடாவுக்கு வந்த காலத்தில் அது எங்கே நின்றது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதற்கு அம்மம்மாவும் கூட நடக்கட்டும், தடித்த காலுறையோடு.