போத்தற் சுட்டுத்துண்டும் ஏக்கர்க் கணக்கும்

அறுகம்பே, பொத்துவில் தொடங்கிக் கல்முனை வரையுள்ள வட்டைகளிற் காணி இன்றும் ஏக்கரிலேயே பேசப்படுகின்றது. விளைச்சல் புசலிற் சொல்லப்படுகின்றது. கடையில் வாங்கும் பசளை மூடையிலும் நாசினிப் போத்தலிலுமோ கிலோகிராமும் மில்லிலீற்றருமே காணப்படும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்படி நாட்டின் அலகுகள் மெற்றிக் அலகுகளே. இவ்விரு கணக்குகளும் சந்திக்குமிடத்திலேதான் கமக்காரருக்கு நட்டம் நேர்கின்றது.

முதலிற் கவனிக்க வேண்டியது ஹெக்டேயர் என்னுஞ் சொல். ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர், இரண்டரை ஏக்கர் என்று கொள்வதிற் பிழையில்லை. களைநாசினிச் சுட்டுத்துண்டில் ஹெக்டேயருக்கு 1 லீற்றர் என்றிருப்பின், ஓர் ஏக்கருக்கு வேண்டியது 400 மில்லிலீற்றர் மாத்திரமே. 16 லீற்றர் கொள்ளும் தெளிகருவியால் ஏக்கருக்கு எட்டுத் தாங்கி தெளிப்பவர், தாங்கியொன்றுக்கு 50 மில்லிலீற்றர் சேர்த்தல் வேண்டும். ஏக்கருக்கு ஒரு போத்தல் என்றெண்ணி ஊற்றுபவர் இரண்டரை மடங்கு நஞ்சை வயலில் இடுகின்றார். பணம் வீணாவதோடு நெற்பயிருங் கருகலாம். வடியும் நீர் களப்பையுஞ் சேரும். சில சுட்டுத்துண்டுகளில் அளவு ஏக்கருக்கே தரப்பட்டிருக்கும். அதனை மீண்டும் இரண்டரையாற் பிரித்தால் களை சாகாது. ஆகவே எண்ணை மாத்திரமன்றி அதன் பக்கத்திலுள்ள அலகையும் வாசியுங்கள். போத்தல் மூடிகள் ஒரே அளவினவல்ல. மில்லிலீற்றர் கோடிட்ட அளவுக் குவளையைப் பயன்படுத்துங்கள். சமையற் கரண்டியை இதற்கு எடுத்தலே கூடாது.

பசளையில் இத்தகைய இடர் குறைவு. 50 கிலோ யூரியா மூடையை முதியோர் அந்தர் என்பர். அந்தர் என்பது 112 றாத்தல், அதாவது 50.8 கிலோ. ஒரு கிலோவுக்குங் குறைந்த வேறுபாட்டிற்காக அவர்களைத் திருத்தப் புறப்பட வேண்டியதில்லை.

புசலின் செய்தி வேறு. அது நிறையன்று, கொள்ளளவு. எட்டுக் கலன், ஏறக்குறைய 36 லீற்றர். ஒரு புசல் நெல் 46 றாத்தல், அதாவது 20.9 கிலோ என்பது வழக்கேயாயினும், ஈர நெல்லும் பதர் மிகுந்த நெல்லும் அவ்வாறு நிறுக்கமாட்டா. எனவே விற்கும்போது புசற் கணக்கில் விலை பேசாது, கிலோவில் நிறுத்தே கொடுங்கள். விதைப்புக்கு அக்கணக்குப் போதும்: வீசி விதைக்க ஹெக்டேயருக்கு 100 கிலோ எனின், ஏக்கருக்கு 40 கிலோ, ஏறத்தாழ இரண்டு புசல்.

கத்தரி, மிளகாய், வெண்டி கொண்டுசெல்வோர், வியாபாரியின் தராசில் அவ்வாண்டின் முத்திரை உண்டா என்று பார்த்த பின்னரே சாக்கை ஏற்றுதல் நன்று.