வேட்டைநாயும் வேட்டைச் சட்டமும்

மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே, வாகரைப் பகுதியில் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கின்றனர். வேட்டைநாய், வேட்டைக்கருவி ஆகியவற்றின் மீதான கட்டுப்பாட்டினை வேடர் வாழ்விலிருந்து நோக்குதலே பொருத்தமென நாம் கருதுகின்றோம்.

வேடர் உடும்பு பிடிக்க நாயைப் பயன்படுத்தியமையைச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூல் குறிக்கின்றது. அங்கு நாய் ஓர் உற்பத்திக் கருவி. 1854இல் வெளிவந்த சாமுவேல் பேக்கரின் நூலிலோ, நுவரெலியா மலைகளில் நாய்க்கூட்டம் மரைகளைத் துரத்துவது கனவான்களின் பொழுதுபோக்கு.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்திற்று. 1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, உள்நாட்டில் தம்பானை வேடரின் வேட்டைக்களமே விலக்கப்பட்ட நிலமாயிற்று. உடும்பும் இன்று பாதுகாக்கப்பட்ட உயிரினமாகும்.

கட்டுப்பாடு வேண்டாமென நாம் கூறவில்லை. கம்பிக் கண்ணியும் இரவு விளக்கும் சந்தைக்கு இறைச்சி குவிக்கையில் காடு வெறுமையாகும். ஆயின், கருவியை மட்டும் நோக்கும் விதி, உண்பதற்கு வேட்டையாடுவோனையும் விற்பதற்கு வேட்டையாடுவோனையும் ஒன்றாக்கிவிடுகின்றது. காட்டை இழந்தோர்க்கு நிலத்திலும் வாவியிலும் உரிமை வழங்காத பாதுகாப்பு, அரைகுறை நீதியே.