ஐப்பசியில் மலைப் பறவைகளைத் தேடி

திருச்சிராப்பள்ளி வட்டாரத்து மக்களுக்கு வலசைப் பறவைகள் புதியவை அல்ல. மழைக்காலத்தில் ஏரிகள் நிரம்பத் தொடங்கியதும், அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு அவை கூட்டங்கூட்டமாக வந்து சேர்கின்றன. அவற்றுள் வரித்தலை வாத்து இமயமலையையே கடந்து வருவது. ஆனால் தான் பிறந்த மலையை விட்டு இறங்காத பறவைகளும் நம் தமிழகத்தில் உண்டு. அவற்றைக் காணவே திருச்சியையும் திருவரங்கத்தையும் சேர்ந்த நண்பர்கள் அறுவர், சுற்றுலா நிறுவனம் எதையும் நாடாமல், தொலைநோக்கியும் பறவை நூலுமாகக் கொடைக்கானலுக்குப் பேருந்தேறினோம்.

முதலில் செண்பகனூர். சேசு சபையார் 1895-ல் தொடங்கிய அருங்காட்சியகத்தில், பாடம் செய்யப்பட்ட பறவைகளை ஆற அமரப் பார்த்தோம். மூடுபனியில் கணப்பொழுதே தோன்றி மறையும் பறவையை இனங்காண அது பெரிதும் உதவிற்று.

மறுநாள் வனத்துறையின் அனுமதிச் சீட்டுடன் பேரிஜம் ஏரிச் சாலையில் சென்றோம். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்ட மலை இது. மலை மடிப்புகளில் ஒடுங்கிய சோலைகள். அவற்றைச் சூழ்ந்து புல்வெளி. சோலையின் இருளில், ஈரச் சருகுகளின்மேல், நீல உடலும் வெண்ணிற வயிறுமாக ஒரு சிறு பறவை தத்தி வந்து நின்றது. வெண்வயிற்றுச் சோலைக்கிளி! பெயரில் கிளி இருப்பினும் அது கிளியினம் அன்று. சற்று நேரத்தில் புதர்களினின்று பழனிச் சிரிப்பான்களின் ஆரவாரம் எழுந்தது. ஃபேர்பேங்க் என்னும் அமெரிக்க மறைபணியாளரின் பெயர் அப்பறவையின் அறிவியல் பெயரில் நிலைத்திருக்கிறது.

காவிரியும் கொள்ளிடமும் திருவரங்கத்தைத் தீவாக்கியிருப்பதுபோல, தாழ்நிலத்தின் வெப்பம் இம்மலையுச்சிகளைத் தீவுகளாக்கியிருக்கிறது. பழனி வழியாக இறங்கிப் பொள்ளாச்சி அடைந்தபோது இது நன்கு விளங்கிற்று. அங்கே குறுக்கிடும் பாலக்காட்டுக் கணவாயின் அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர்தான். வரித்தலை வாத்துக்கு அது ஒரு தொலைவா? சோலைக்கிளிக்கோ அது கடக்கவொண்ணாக் கடல். கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் சோலைக்கிளி வேறோர் இனம். 2017-ல் அறிஞர்கள் மரபணுக்களை ஆராய்ந்து, சோலைக்கிளிகளுக்கெனத் தனிப் பேரினமே வகுத்தனர்.

இத்தகைய பறவைக்குத் தன் வாழிடம் அழிந்தால் வேறு போக்கிடமில்லை. சென்ற நூற்றாண்டில் புல்வெளியைத் தரிசெனக் கருதி, தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும், பைன், தைல மரங்களையும் நட்டனர். புல்லடியில் கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலி அங்கெல்லாம் இடமிழந்தது. பயணிகள் வியந்து படம் பிடிக்கும் பைன் காட்டில் நாங்கள் அரைமணி நேரம் நின்றும் ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. ஆயினும் சில சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமே முளைத்து வருகின்றன. ஆகவே, எல்லாவற்றையும் வெட்டிவிடுவதே வழி என்பாரோடு எங்களுக்கு உடன்பாடில்லை. எஞ்சியுள்ள புல்வெளியில் சீகை பரவாமல் காப்பதே முதற்பணி எனத் தோன்றுகிறது.

ஐப்பசியில் செல்லும் குடும்பத்தார் குடையும் கம்பளியும், அட்டைகளுக்கு உப்பும் மறவாது கொண்டு செல்க. பேரிஜம் செல்வோர் வனத்துறை அலுவலகத்தில் முன்னதாகவே அனுமதி பெறவேண்டும். விடியற்காலைதான் நல்ல வேளை. பத்து மணிக்குமேல் மூடுபனி ஏறிவிடுகிறது.