பொன்மலையில் ஒரு பழைய விமானம்

பொன்மலை என்றவுடன் நீராவி எஞ்சினும் ரயில்வண்டியுமே யாவர்க்கும் நினைவுக்கு வரும். நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேத் தொழிற்சாலை 1928-ஆம் ஆண்டளவில் இவ்விடம் பெயர்ந்து வந்தது முதல் அப்படியே. ஆயினும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இத்தொழிற்சாலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் விமானங்களும் பழுதுபார்க்கப்பட்டன என்பதை நம் மாணவருட் பலர் அறியார். ஆகவே பொன்மலையில் ஒருவன் விமானம் கட்டப் புகுந்தான் என்றால் அது முற்றிலும் புதுமையன்று, அளவிற்றான் சிறிது.

யான் சொல்லப் புகுவது ரப்பர் நாடாவினாற் பறக்கும் மாதிரி விமானத்தைப் பற்றி. இத்தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் பாட்டனாரிடம், எங்கள் தெருவில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் ஒருவர் வெளிநாடு செல்லுங்கால் ஒரு பெட்டியை விட்டுச் சென்றார். அதனுள் மடிந்து பழுத்த வரைபடம் ஒன்றும், உறுப்புகளின் உருவம் அச்சிட்ட மெல்லிய பால்ஸாப் பலகைகளும், ஈர்க்குப் போன்ற சட்டங்களும், இற்றுப்போன ரப்பரும் இருந்தன. இக்காலத்துப் பெட்டிகளில் உறுப்புகள் இயந்திரத்தால் வெட்டப்பட்டே வரும்; பழைய பெட்டியிலோ ஒவ்வொன்றையும் நாமே பிளேடு கொண்டு வெட்டுதல் வேண்டும். முதன்முறை செய்பவனுக்கு இது கடினமே. மேலும் பலகை ஒன்று பிளந்தால் அதற்கு ஈடு கிடையாது.

வரைபடத்திலுள்ள விமானம் ‘பஸ் மாத்’ என்பது. 1932 அக்டோபர் 15-இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொணர்ந்தது இவ்வகை விமானத்திலேயே. அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதனைச் செலுத்தினார். மெய்யான விமானத்தின் சிறகு முனைக்கு முனை 36 அடி 9 அங்குலம். இருபத்துநான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் பதினெட்டு அங்குலத்திற்குச் சிறிது மிகும். சிறகு உடலின் மேற்புறத்தில் அமைந்திருத்தலின், எடை கீழே தொங்கி நின்று தள்ளாட்டத்தைத் தணிக்கும். தொடங்குவோர்க்கு இஃதொன்றே இதிலுள்ள ஆதரவு.

பால்ஸா தென்னமெரிக்க மரம். நம் இலவமரத்திற்கு நெருங்கிய உறவு. நீரின் எடையில் ஆறிலொரு பங்களவே பெரும்பாலும் அதன் எடை. ஆனால் பல்லாண்டு பெட்டியிற் கிடந்த மரம் முறுகிப்போய், நரம்புவழியே எளிதிற் பிளக்கும். ஆதலின் யாங்கள் முதலிற் செய்தது வெட்டுதலன்று, படியெடுத்தல். ஒவ்வோர் உறுப்பையும் வெண்ணெய்த்தாளில் வரைந்துகொண்டு, புதிய பால்ஸாவில் வெட்டினோம். பழைய பலகைகள் பெட்டியிலேயே உள்ளன. “அப்படியானால் அது பழைய விமானமாகுமோ?” என்று வகுப்புத் தோழன் ஒருவன் வினவினான். பாட்டனார் நீலகிரி ரயிலைக் காட்டி விடை கூறினார். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் முதலிற் செய்யப்பட்ட எக்ஸ் வகை எஞ்சின்களின் அமைப்பிலேயே, எண்ணெயால் எரியும் புதிய எஞ்சின்களை 2011 முதல் பொன்மலையிற் செய்தனர். அவற்றைப் புதியன என்பதா பழையன என்பதா? தோழன் இன்னும் ஒப்பவில்லை. எனக்கு அவ்விடை போதும்.

கட்டும் முறை யாதெனின், வரைபடத்தை மட்டமான பலகைமேல் விரித்து, அதன்மேல் மெழுகுத்தாளிட்டு, சட்டங்களைக் கோட்டின்மீதே வைத்துக் குண்டூசிகளால் இருபுறமும் அணைத்து ஒட்டுதல். சட்டத்தின் ஊடே ஊசி குத்தின் அது பிளந்துவிடும். உடலின் ஒரு பக்கத்தைக் கட்டி, அதனை எடுக்காமலே அதன்மேல் மற்றப் பக்கத்தைக் கட்டினால் இரண்டும் ஒத்திருக்கும். பின்பு இரண்டையும் நிமிர்த்திக் குறுக்குச் சட்டங்களால் இணைக்கும்போது வால்முனை நடுக்கோட்டில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மூலைமட்டப் பலகையை இருமுறை வைத்துப் பார்க்காமல் பாட்டனார் ஒரு துளி பசையும் இட விடமாட்டார். கண் மங்கியவராதலின் அளவை விரல் நுனியாலேயே தடவி அறிவார். உப்புத்தாளால் விலாச்சட்டங்களைத் தேய்க்கையில் நான் காணாத மேட்டை அவர் விரல் கண்டது.

தாள் போர்த்துதலே யாவற்றினும் இடர் மிக்கது. மெல்லிய தாளை ஒட்டி நீர் தெளித்தால் உலரும்போது அது முரசின் தோல்போல இறுகும். அவ்விறுக்கமே மெலிந்த சட்டங்களை முறுக்கவும் வல்லது. ஆகவே சிறகின் இருபுறமும் ஒருங்கே நனைத்து, உலருமளவும் பலகையோடு ஊசியால் அடக்கி வைத்தல் வேண்டும். சிறகின் முறுக்கம் மெய்யான பஸ் மாத்தையும் வருத்தியதொன்று. தொடக்க ஆண்டுகளில் வானிலேயே சிறகு முறிந்து பல விமானங்கள் வீழ்ந்தன, பின்னரே தாங்குகோல்களை வலுப்படுத்தினர்.

அடுத்தது சமநிலை. ஏற்றக்கோலை நோக்குக: அச்சிலிருந்து விலக விலகச் சிறு எடையும் பேரெடையாகும். விமானத்தின் மூக்கு குறுகியது, வாலோ நீண்டது. ஆதலின் வாலில் ஒரு கிராம் பசை மிகுந்தால் மூக்கில் இரண்டு மூன்று கிராம் களிமண் வைக்க நேரும். சிறகின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றிலொரு பங்களவில் விரல்களால் ஏந்தினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும்.

ரப்பரை முறுக்குமுன் வெறுமனே எறிந்து பார்த்தல் முறை. புல் அடர்ந்த இடத்தில், காற்றடங்கிய விடியலில், எதிரே மட்டமாக விடுக. மூக்கை உயர்த்தித் தயங்கி வீழ்ந்தால் களிமண் சிறிது கூட்டுக. நேரே தலைகீழாகப் பாய்ந்தால் குறைக்க. இது தேறியபின் ஐம்பது சுற்றோடு தொடங்குதல் நன்று. சுழல்விசிறி ஒருபுறம் சுழலுங்கால் உடல் மறுபுறம் சாய முயலும்; அதனால் விமானம் இடப்பக்கம் வளைந்து விழும். மூக்குக் கட்டையின் பின்னே மெல்லிய மரத்துண்டு செருகி, விசிறி சற்றே வலமாகவும் கீழாகவும் நோக்குமாறு செய்வதே இதற்கு மருந்து.

பொறியை முறுக்கிப் பறக்கவிடுதல் பழைய கருத்தே. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறியைத் தமிழ் மாணவர் அறிவர். பாரிஸ் நகரத் தோட்டமொன்றில் 1871-இல் அல்போன்ஸ் பெனோ என்பவர் ரப்பராற் பறக்கும் சிறு விமானத்தை 11 வினாடி, ஏறக்குறைய 40 மீட்டர் பறக்கவிட்டார்.

எங்கள் விமானத்திற்குச் சிறகும் உடலும் முடிந்தன. எறிந்து பார்த்தலும் நடந்தது. இருமுறை களிமண் கூட்டியதும் ஓசையின்றிப் புல்லில் இறங்கிற்று. விமானத்தைக் காணவியலாத பாட்டனார், அது மூக்கால் தொட்டதா சக்கரத்தால் தொட்டதா என்று மட்டும் கேட்டார். சக்கரத்தால்தான். புதிய ரப்பரை ஆமணக்கெண்ணெய் தடவி வைத்துள்ளோம். சந்தை கூடாத நாளாகப் பார்த்து, வரும் வாரத்தில் ஐம்பது சுற்று முறுக்குவதாக இருக்கிறோம்.