உங்களுக்குத் தெரியுமா? – முடியாத மல்யுத்த இரவுகள்

டிவி மல்யுத்தத்தை விடாமல் பார்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு குறை வெளியே வந்துவிடும்: “நல்லாத்தான் இருக்கு, ஆனா முடியவே மாட்டேங்குது.” வெறுத்து ஒதுங்கியவர்கள் இப்படிச் சொல்வதில்லை. விட்டுவிட மனமில்லாதவர்கள்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இந்த வாரத் துணுக்குகள் முழுவதும் இந்த நீளத்தைப் பற்றி.

★ டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தின் வாராந்திர ‘ரா’ நிகழ்ச்சி 1993 ஜனவரி 11 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டன் சென்டரில் தொடங்கியபோது அதன் மொத்த நீளம் ஒரு மணி நேரம். விளம்பரம் போனால் முக்கால் மணி. அதற்குள் யோகோசுனா, அண்டர்டேக்கர், ஷான் மைக்கேல்ஸ், ஸ்டைனர் சகோதரர்கள் என்று எல்லாரும் வந்து மோதிவிட்டுப் போய்விட்டார்கள்.

★ 1997 பிப்ரவரியில் அது இரண்டு மணி நேரம் ஆனது. 2012 ஜூலை 23, ஆயிரமாவது வாரத்தில், மூன்று மணி நேரம். அந்த ஆயிரமாவது நிகழ்ச்சியை அமெரிக்காவில் சுமார் 60 லட்சம் பேர் பார்த்தார்கள். 2020 கடைசியில் இந்த எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

கேபிள் டிவியே தேய்ந்துகொண்டிருந்த காலம் அது. பழி முழுவதையும் நீளத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் ஒரே இரவுக்குள் நடக்கும் சரிவுக்குக் கேபிளைக் காரணம் காட்ட முடியாது. பார்வையாளர் கணக்கு அப்போது ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனியாக வந்தது. பெரும்பாலான வாரங்களில் மூன்றாவது மணிதான் எல்லாவற்றிலும் குறைவாக இருந்தது. அந்த நாளின் முக்கியமான போட்டி வந்ததோ அந்த மணியில்தான்.

★ ஆட்கள் குறைகிறார்கள் என்று தெரிந்தும் நேரத்தை ஏன் குறைக்கவில்லை? விற்பதே நேரத்தைத்தான். சேனல்கள் வாரத்துக்கு இத்தனை மணி என்றுதான் உரிமை வாங்குகின்றன. 2019 அக்டோபர் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அதே நிறுவனத்தின் இன்னொரு வார நிகழ்ச்சியான ‘ஸ்மாக்டவுன்’ நிகழ்ச்சிக்காக ஃபாக்ஸ் நிறுவனம் கொடுத்த தொகை சுமார் 100 கோடி டாலர். 2025 ஜனவரி முதல் பத்து ஆண்டுகளுக்கு ‘ரா’ நிகழ்ச்சிக்காக நெட்ஃபிளிக்ஸ் கொடுப்பது 500 கோடி டாலருக்கும் மேல். அரங்கத்தில் விற்கும் டிக்கெட்டைவிட இதுதான் பெரிய வருமானம். மூன்றாவது மணியில் பார்க்கிறவர்கள் குறைந்தாலும், அந்த மணிக்குப் பேசிய பணம் வந்துவிடும்.

★ கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் சீசன் என்று ஒன்று இருக்கிறது, ஓய்வும் இருக்கிறது. ‘ரா’ நிகழ்ச்சிக்கு அது கிடையாது. வருடத்தின் 52 வாரமும், கிறிஸ்துமஸ் வாரம் உட்பட, நிகழ்ச்சி உண்டு. 2019 செப்டம்பரில் ‘என்எக்ஸ்டி’யும் கேபிளுக்கு வந்த பிறகு, ஒரே நிறுவனத்தின் மூன்று நிகழ்ச்சிகளைப் பார்க்கவே வாரம் ஏழு மணி நேரம் வேண்டியிருந்தது. மாதாந்திரப் பெரிய நிகழ்ச்சி இந்தக் கணக்கில் சேராது.

★ நம் ஊர் ரசிகரின் பாடு தனி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் திங்கள் இரவு எட்டு மணி என்றால் நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை. அவர்களுடைய குளிர்காலத்தில் ஆறரை. மூன்று மணி நேர நிகழ்ச்சியை நேரலையில் முழுதாகப் பார்த்தால் பள்ளிக்கூடப் பேருந்தும் போயிருக்கும், அலுவலகப் பேருந்தும் போயிருக்கும்.

★ நீளத்தால் ரசிகர்கள் அலுத்துப்போனது டிவி வந்த பிறகு நடந்ததல்ல. 1916 ஜூலை 4 அன்று ஒமாஹா நகரில் ஜோ ஸ்டெச்சரும் எட் ‘ஸ்ட்ராங்லர்’ லூயிஸும் மோதினார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். வெற்றி தோல்வி இல்லாமல் போட்டி முடிந்தது.

அதே லூயிஸ்தான் 1920களில் பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் ஆகியோருடன் கூட்டுச் சேர்ந்து மல்யுத்தத்தின் போக்கையே மாற்றினார். மணிக்கணக்கில் தரையில் கட்டிப் புரளும் பாணி போய், தூக்கி எறிதலும் வேகமும் வந்தன. போட்டிக்கு நேர வரம்பு வந்தது. இன்று நாம் பார்க்கும் ரெஸ்லிங்கின் அடிப்படை அங்கே போடப்பட்டது என்பதுதான் மல்யுத்த வரலாற்றில் வழங்கிவரும் செய்தி. ரசிகரின் பொறுமையை மதித்துப் பிறந்த கலை இது. அதனாலேயே இன்றைய நீளத்தைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் கூடுகிறது.

★ மூன்று மணி நேரத்தை முதலில் முயன்று பார்த்தது போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ. அதன் ‘நைட்ரோ’ 1995 செப்டம்பரில் ஒரு மணி நேரமாகத் தொடங்கி, 1996 மே மாதம் இரண்டாகி, 1998 ஜனவரியில் மூன்றானது. 83 வாரம் தொடர்ந்து ‘ரா’வை வென்றுகொண்டிருந்த நிகழ்ச்சி அது. அந்தத் தொடர் வெற்றி முடிந்தது 1998 ஏப்ரலில், மூன்று மணி நேரமாகி மூன்று மாதத்தில். எதிர்முனையில் ஸ்டீவ் ஆஸ்டினின் எழுச்சி பெரிய காரணம் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு வாரமும் கூடுதலாக ஒரு மணியை நிரப்பவேண்டிய சுமை நைட்ரோவின் கதைகளைச் சீக்கிரம் தீர்த்துவிட்டது. 2000 தொடக்கத்தில் மறுபடி இரண்டு மணிக்கே இறங்கினார்கள். 2001 மார்ச் 26 அன்று கடைசி நைட்ரோ.

★ நிகழ்ச்சி நீண்டதால் பணம் கட்டியவர்களுக்கே கடைசிப் போட்டி தெரியாமல் போனது உண்டு. 1998 அக்டோபர் 25, லாஸ் வேகாஸ், ‘ஹாலோவீன் ஹேவக்’. கேபிளில் தனிக் கட்டணம் கட்டிப் பார்க்கும் நிகழ்ச்சி. ஒதுக்கிய நேரம் மூன்று மணி. ஹல்க் ஹோகனும் அல்டிமேட் வாரியரும் மோதிய சோர்வான போட்டியையும் தாண்டி நேரம் ஓடிவிட்டது. பட்டத்துக்காகக் கோல்ட்பெர்க்கும் டைமண்ட் டல்லஸ் பேஜும் மோதிக்கொண்டிருக்கும்போது பல வீடுகளில் ஒளிபரப்பு அறுந்தது. மறுநாள் நைட்ரோவில் அந்தப் போட்டியை இலவசமாகவே போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. அந்த வாரம் நைட்ரோ ‘ரா’வை வென்றது. அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட வெல்லவில்லை.

★ மூன்று மணி நேரம் இருந்தும் பெண்களுக்குக் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? 2015 பிப்ரவரி 23 ‘ரா’வில் பெல்லா சகோதரிகளும் பெய்ஜ் – எம்மா இணையும் மோதிய போட்டி சுமார் அரை நிமிடத்தில் முடிக்கப்பட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். ‘பெண்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடு’ என்ற ஹேஷ்டேக் உலகம் முழுவதும் டிரெண்டானது. அந்த ஜூலையிலேயே பெக்கி லிஞ்ச், ஷார்லட் ஃபிளேர், சாஷா பேங்க்ஸ் மூவரும் ‘ரா’வுக்கு வந்தார்கள். நீளத்தால் எல்லாருக்கும் இடம் கிடைக்கிறது என்று வாதாடுகிறவர்களுக்கு இந்த அரை நிமிடத்தைத்தான் நான் காட்டுவேன்.

★ அதே பெக்கியும் ஷார்லட்டும் நான்கு ஆண்டில் சிகரத்துக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 7, நியூஜெர்சியின் மெட்லைஃப் ஸ்டேடியம், நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் 35ஆவது பதிப்பு. ரோண்டா ரௌசியுடன் சேர்ந்து மூவரும் மோதும் போட்டிதான் அன்றைய இறுதிப் போட்டி. ரெஸில்மேனியாவைப் பெண்கள் முடித்துவைப்பது அதுவே முதல்முறை.

அந்த இரவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முன்நிகழ்ச்சி மாலை ஐந்துக்கு. முதன்மை நிகழ்ச்சி ஏழுக்கு. மொத்தம் 16 போட்டிகள். இடையில் கோஃபி கிங்ஸ்டன், 11 ஆண்டு காத்திருந்த பட்டத்தை டேனியல் பிரையனிடமிருந்து பறித்தார். திறந்தவெளி ஸ்டேடியத்தில் 80,000 பேர் தொண்டை கிழியக் கத்தித் தீர்த்தது அப்போதுதான். அதற்குப் பிறகும் ஐந்து போட்டிகள். டிரிப்பிள் எச்சும் பாடிஸ்டாவும் மட்டுமே இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் ரிங்குக்கு வந்தபோது கூட்டத்திடம் சத்தமே மிச்சமில்லை. பெக்கி ரௌசியைச் சுருட்டிப் பிடித்து வென்றபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சரித்திரம் படைத்தவர்களுக்குக் கிடைத்தது களைத்துப்போன கைதட்டல். நம் ஊரில் அப்போது திங்கள் காலை ஒன்பதரைக்கு மேல்.

வெளியே வந்த ரசிகர்களுக்கு ரயில் கிடைக்கவில்லை. ஸ்டேடியத்தை ஒட்டிய நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் நள்ளிரவுக்குப் பின் வெகுநேரம் நின்றார்கள். நிகழ்ச்சி குறித்த நேரத்தில் முடியவில்லை என்று ரயில் நிர்வாகம் சொன்னது.

★ அதற்கு முந்தைய ஆண்டு நியூ ஆர்லியன்ஸில் நடந்த ரெஸில்மேனியாவிலும் இதே கதை. 2018 ஏப்ரல் 8, பிராக் லெஸ்னரும் ரோமன் ரெய்ன்ஸும் கடைசியாக மோதுகிறார்கள். ரெய்ன்ஸின் முகத்தில் ரத்தம் வழிகிறது. கேலரியில் கடற்கரைப் பந்தைத் தட்டி விளையாடுகிறார்கள். “படுமோசம்” என்று ஒரே குரலில் கோஷம் போடுகிறார்கள்.

★ இந்தப் பந்து விளையாட்டு ஒரு வீரரை ரிங்கைவிட்டே இறக்கியது உண்டு. 2017 ஆகஸ்ட் 20, புரூக்ளின் ‘சம்மர்ஸ்லாம்’. இணைப் பட்டத்துக்கான போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே செசாரோ கூட்டத்துக்குள் ஓடினார். பந்தைப் பிடுங்கினார், இரண்டாகக் கிழித்தார், திரும்பி வந்து சண்டையைத் தொடர்ந்தார். அன்றைக்குப் பெரிய கைதட்டல்களில் ஒன்று அதற்குத்தான். உடம்பை வருத்தி ஆடுகிற ஒருவருக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கூட்டத்தை மட்டும் குறைசொல்லவும் மனம் வரவில்லை. மணிக்கணக்கில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

★ 2018 ஜூலை 15, பிட்ஸ்பர்க். சேத் ராலின்ஸுக்கும் டால்ஃப் ஸிக்லருக்கும் 30 நிமிட ‘அயர்ன் மேன்’ போட்டி (குறித்த நேரத்துக்குள் அதிக முறை வீழ்த்துபவருக்கு வெற்றி), அன்றைய கடைசி. திரையில் கடிகாரம் ஓடியது. ஒவ்வொரு நிமிடம் முடியும்போதும் கூட்டம் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி, ‘ராயல் ரம்பிள்’ போட்டியில் அடுத்த வீரர் வரும்போது ஒலிக்கும் மணிபோல் வாயாலேயே ஒலியெழுப்பியது. ரிங்கில் நடப்பதை யாரும் கவனிக்கவில்லை. நிர்வாகம் கடிகாரத்தை மறைத்தது, கூச்சல் எழுந்தது, மறுபடி காட்டவேண்டியதாயிற்று. கலைஞர்கள் இருவரும் திறமையானவர்கள், வைத்த இடம்தான் தப்பு.

★ நடுவரின் காதில் சின்ன இயர்பீஸ் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் அதன்வழியாக நேரம் சொல்வார்கள். நடுவர் குனிந்து வீரரைச் சோதிப்பதுபோல் அருகில் போய், இன்னும் எத்தனை நிமிடம், எப்போது முடிக்கவேண்டும் என்பதைச் சொல்லிவிடுவார். முன்னால் வந்தவர்கள் நேரத்தை மீறினால், பின்னால் வருகிறவரின் போட்டிதான் வெட்டுப்படும்.

★ கூட்டத்துக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதும் ஒரு கலை. 2001 ஏப்ரல் 1, ஹூஸ்டன், 17ஆவது ரெஸில்மேனியா. ஏணியும் மேசையும் நாற்காலியுமாக ஒரு பயங்கரப் போட்டி முடிந்ததும், பழைய காலத்து வேடிக்கை வீரர்களை மொத்தமாக இறக்கி மூன்று நிமிடத்தில் ஒரு கலகலப்பான போட்டியை முடித்தார்கள். வென்றவர் அயர்ன் ஷேக். மேல் கயிற்றைத் தாண்டி விழ அவர் உடம்பு அப்போது இடம் தரவில்லை, அதனால்தான் வெற்றி அவருக்கு. கூட்டம் சிரித்து இளைப்பாறியது. கடைசிப் போட்டிக்கு ராக்கும் ஆஸ்டினும் வந்தபோது அரங்கம் முழுத் தெம்போடு இருந்தது. மொத்தம் 11 போட்டிகள், நான்கு மணி நேரத்துக்குள். இன்றுவரை மிகச் சிறந்த ரெஸில்மேனியா எது என்று கேட்டால் பலரும் சொல்வது இதைத்தான்.

★ நீளமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. 2018 பிப்ரவரி 19 ‘ரா’வில், ஒருவர் தோற்றதும் அடுத்தவர் வரும் தொடர் போட்டியில் சேத் ராலின்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, ரோமன் ரெய்ன்ஸையும் ஜான் சீனாவையும் அடுத்தடுத்து வீழ்த்தினார். அரங்கம் எழுந்து நின்றது. ஜப்பானில் கசுசிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் 2017 ஜூன் 11 அன்று முழுசாக 60 நிமிடம் மோதிச் சமனில் முடித்தார்கள். மறு ஆண்டு அதையும் மிஞ்சிய நேரம் மோதினார்கள். மணி பார்த்தவர் இல்லை. ஒரு கதைக்கு ஒரு மணி நேரம் கொடுப்பது வேறு, கதையில்லாத ஒரு மணி நேரத்தை நிரப்புவது வேறு.

★ 2020இல் கொரோனா காலத்து ரெஸில்மேனியா ரசிகர்களே இல்லாமல் ஆர்லாண்டோ பயிற்சிக்கூடத்தில் இரண்டு இரவுகளாக நடந்தது. அன்றிலிருந்து இரண்டு இரவு என்பதே வழக்கமாகிவிட்டது. இது நல்ல மாற்றம். ஆனால் 2025இல் ‘சம்மர்ஸ்லாம்’ நிகழ்ச்சியும் இரண்டு இரவாகியிருக்கிறது. சுமையைப் பிரிக்க வந்த வழி, சுமையைக் கூட்டும் வழியாகிவிடக் கூடாது.

★ 2024 அக்டோபர் முதல் அந்த ஆண்டு முடியும்வரை ‘ரா’ மறுபடி இரண்டு மணி நேரமாக ஓடியது. போட்டிகள் சுருக்கென்று முடிந்தன, கதை நகர்ந்தது. 2025 ஜனவரியில் ‘ஸ்மாக்டவுன்’ மூன்று மணி நேரமாக்கப்பட்டது. சில மாதத்திலேயே இரண்டுக்குத் திரும்பியது.

★ 35ஆவது ரெஸில்மேனியாவுக்கு இரண்டு நாள் முன்பு, 2019 ஏப்ரல் 5 அன்று, அதே நிறுவனம் அதே நகர்ப்பகுதியில் ‘என்எக்ஸ்டி டேக்ஓவர்: நியூயார்க்’ நிகழ்ச்சியை நடத்தியது. ஐந்தே போட்டிகள். கடைசியில் ஜானி கர்கானோ ஆடம் கோலை வென்று பட்டம் ஏந்தியபோது புரூக்ளின் அரங்கம் முதல் போட்டியில் கத்திய அதே பலத்தோடு கத்தியது. 2024 மே 4 அன்று பிரான்ஸின் லியோனில் நடந்த ‘பேக்லாஷ்’ நிகழ்ச்சியிலும் ஐந்து போட்டிகள்தான். கூட்டம் கடைசிவரை பாடிக்கொண்டே இருந்தது. ஐந்து போட்டி, மூன்று மணிக்குள் முடிவு: இதுதான் சரியான அளவு என்பது என் தீர்மானம். வீட்டில் பிள்ளைகளுக்கு ரெஸ்லிங்கை முதன்முதலாகக் காட்டப்போகிறவர்கள், ஏழு மணி நேர இரவு எதையும் எடுக்காதீர்கள். இந்த இரண்டில் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள்.