கைராசி மட்டும் போதுமா?

போன மார்கழியில் எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். மகர்பட்டாவில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு மாலிஷ்வாலி பாய் வருவது அன்பர்கள் அறிந்ததே. எங்கள் வீட்டுக்கும் வந்தார். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்தபோது என் அம்மாவே வந்து உட்கார்ந்தது போலிருந்தது. மூக்கில் இரண்டு சொட்டு விடப்போனார், மருமகள் தடுத்துவிட்டாள். எண்ணெய் நுரையீரலுக்குள் போகும், கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். "நாங்களெல்லாம் பிள்ளை வளர்க்கவில்லையா?" என்று என் மனைவிக்கு மனத்தாங்கல்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் அக்காவின் தலைச்சன் பிள்ளை நினைவுக்கு வந்துவிட்டது. 1967, எனக்கு எட்டு வயது. எங்கள் ஊர் மருத்துவச்சி கைராசிக்காரி, நானும் அவள் கையில் பிறந்தவன்தான். அரிவாளால் கொடி அறுத்து, தொப்புளில் சாம்பல் வைத்தாள். எட்டாம் நாள் குழந்தையின் வாய் கிட்டித்துக்கொண்டது. பால் இறங்கவில்லை. உடம்பு வில்லாய் வளைந்தது. அது இரணஜன்னி என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அந்தக் கிழவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யார் வந்தார்கள்?

அப்படிச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் நம் மகாராஷ்டிரத்திலேயே உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே தம்பதியர் 1970-இல் அஹமத்நகர் மாவட்டத்து ஜாம்கேடுக்கு வந்தார்கள். (மாவட்டத்தின் பெயர் இப்போது அஹில்யாநகர்.) ஊருக்கு ஒரு பெண்ணைச் சுகாதாரப் பணிக்குப் பழக்கினார்கள். பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தாழ்த்தப்பட்ட சாதியினர். பிரசவம் வீட்டிலேதான் நடந்தது, ஊர்ப் பெண்கள்தான் பார்த்தார்கள். ஆனால் சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான பிளேடால் கொடி அறுத்தார்கள். கர்ப்பிணிக்குத் தடுப்பூசியும் உண்டு. எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்கு இடுப்புவலி கண்டிருக்கிறது என்பது டாக்டருக்கு எப்படித் தெரியும்? ரயில்வேயில் நான் கண்டதும் இதுதான். தண்டவாளத்தின் குணம் தினமும் அதில் நடக்கும் கீமேனுக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது. அளவுகோலைப் பிடிக்க மட்டும் நாங்கள் சொல்லிக்கொடுத்தோம்.

1978-இல் அல்மா-ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு, ஆரம்ப சுகாதாரப் பணியில் தேவைக்கேற்பப் பாரம்பரிய வைத்தியர்களுக்கும் இடம் உண்டு என்றே அறிவித்தது. ஆரோளே தம்பதியருக்கு மகசேசே விருது 1979-இல் கிடைத்தது. பச்சிளம் குழந்தைகளின் இரணஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா 2015-இல் அறிவிக்கப்பட்டது. அக்கா அதைக் கேட்க இல்லை.

மறுநாள் பாயிடம், என் அரைகுறை மராத்தியில், மூக்கையும் காதையும் விட்டுவிடும்படி சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். "இத்தனை வருஷம் யாரும் ஏன் என்று சொல்லவில்லையே, காகா" என்றார். இப்போது பக்கத்துக் கட்டிடத்து வீடுகளிலும் அவர் சொட்டு விடுவதில்லையாம். என் மனைவிதான் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள்.