காத்துல போகுது காசு!

'டமார்!'

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி முண்டியம்பாக்கத்தை நெருங்கும்போது கேட்ட சத்தம் இது. பட்டப்பகல் பன்னிரண்டு மணி, ஏப்ரல் வெயில். வண்டி முழுக்கத் திண்டிவனம் பக்கத்துத் தர்பூசணி. கேபினில் மூன்று பேர்: ஓட்டுகிற மச்சான், வண்டிக்குச் சொந்தக்காரரான என் நண்பர், நடுவில் இட்லி மாதிரி அமுங்கிக்கொண்டு நான்.

நண்பர் ஆபீஸில் க்ளார்க். சம்பளம் பத்தவில்லை என்று கடன் போட்டு ஒரு பழைய பிக்-அப் வாங்கி மச்சான் கையில் கொடுத்திருக்கிறார். 'ஆபீஸ் ஒரு பக்கம், வண்டி வாடகை ஒரு பக்கம்' என்ற கனவு உங்களுக்கும் இருந்தால் மேலே படியுங்கள்.

வெடித்தது பின் டயர். மச்சான் பதறி பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை விட்டு, வண்டி தானாக வேகம் குறைந்த பிறகு ஓரங்கட்டினார். மிதித்திருந்தால் இந்தக் கட்டுரை வந்திருக்காது. (பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருந்தது ஒரு தைரியம்!)

"ஸ்டெப்னிய எடுடா" என்றார் நண்பர். எடுத்தார். அதிலும் காற்று இல்லை!

அதை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம், ஒரு பஞ்சர் கடைக்கு. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கூடவே வந்து கிழிந்த டயரைத் தடவிப் பார்த்தார். பக்கவாட்டில் சுற்றி வந்து கிழிந்திருந்தது.

"காத்து எவ்ளோ வெச்சிருந்தீங்க?"

மச்சான் பெருமையாகச் சொன்னார்: "வெயில் காலமாச்சேண்ணே... சூட்டுல காத்து விரியும்னு பத்து பவுண்டு கொறைச்சுதான் வெச்சேன்."

"அதான் தம்பி செத்துப்போச்சு. இது வெயில்ல செத்த டயர் இல்ல, பசியில செத்த டயர்!"

இந்த 'வெயிலுக்குக் காத்தைக் குறை' வைத்தியம் நம் ஊரில் பாதிப் பேர் செய்வது. நடப்பதோ நேர் எதிர். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அமுங்கி அமுங்கி எழுகிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் சுடுமே, அதே கதைதான். அந்தச் சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கும் இழையும் பிரிகிறது. மேலே ஓவர்லோடு, கீழே தார் ரோடு... டமார்!

ஓடும்போது டயர் சூடாகி நாலைந்து பவுண்டு ஏறுவது இயல்பு. கம்பெனி அதையும் கணக்குப் போட்டுத்தான் அளவு கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவு இருக்க வேண்டும். நடுவழியில் டீ குடிக்க நிறுத்தி, 'சூடா இருக்கே' என்று காற்றை இறக்கவே கூடாது.

பெரியவர் மற்ற மூன்று டயரையும் கைரேகை ஜோசியர் மாதிரி பார்க்க ஆரம்பித்தார்.

"ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி. நடுவுல மட்டும் தேஞ்சா காத்து ஜாஸ்தி. ஒரே ஓரம் தேஞ்சா அலைன்மென்ட் போச்சு. அங்கங்க குழி குழியா இருந்தா ஷாக் அப்சார்பரைப் பாரு. டயரு பொய் சொல்லாது சார், ஓட்டுறவங்கதான் சொல்லுவாங்க."

மச்சான் வானத்தைப் பார்த்தார். ஜோசியத்தில் முன் டயர் இரண்டுக்கும் 'காத்து கம்மி', பின்னால் மிச்சமிருந்ததற்கும் அதே தோஷம்!

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவது, வால்வு மூடியைத் தொலைக்காமல் இருப்பது எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். செய்கிறோமா என்பது வேறு விஷயம்.

"இதை ரீபட்டன் போட்டுக்கலாமாண்ணே?" என்றார் நண்பர் கடைசி ஆசையாக.

"உடம்பு நல்லா இருந்தாதானே சார் புதுச்சட்டை?"

பட்டன் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி மறுபடி ஓட்டலாம். ஆனால் உடல் கெடாமல் இருக்க வேண்டும். காற்றில்லாமல் ஓடிய டயர் அதற்கும் உதவாது. இரட்டை நஷ்டம். இந்த ரீபட்டன் தொழில் சாதாரணமானதல்ல. 1946-ல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த மாம்மன் மாப்பிள்ளை, 1952-ல் இறங்கியது இதற்கான ட்ரெட் ரப்பர் தயாரிப்பில்தான். அதில் காலூன்றிய பிறகே எம்.ஆர்.எஃப். டயருக்கு வந்தது.

லோடு விஷயத்தில் பெரியவர் பேசவில்லை, வண்டியை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் இருபதாயிரம் ரூபாய். கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம். பிடிபடாவிட்டாலும் டயர் தன் பங்கை வசூல் செய்துவிடும். அன்றைய வாடகை புது டயர் விலையில் கால்வாசிகூடத் தேறவில்லை. மாதத் தவணை தேதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

கூலியோடு இரண்டு தர்பூசணியும் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

நண்பர் இப்போது சொந்தமாக ஒரு காற்று கேஜ் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்டெப்னி உள்பட ஐந்து டயருக்கும் குனிந்து குனிந்து அளவு பார்க்கிறார். போன வாரம் போனபோது அவர் மனைவி காபி டம்ளரை 'ணங்' என்று வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்கப்பாவுக்கு பி.பி. பார்க்கக் கூட்டிட்டுப் போங்கன்னு மூணு மாசமா சொல்றேன்... வண்டிக்கு வாராவாரம் நடக்குது!"